ஜூகி டிடிஎல் 8700: ஆடிட்டர் ஆபீஸை விட்டுத் தையலுக்கு வந்தவளின் விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம். முப்பத்தைந்து தாண்டி, வேறு ஏதோ வேலையில் காலம் தள்ளிவிட்டு, இனிமேல் தையல்தான் பிழைப்பு என்று இறங்கப் போகிறீர்கள் என்றால், "முதல்ல வீட்டு மெஷின்ல பழகு, கை வந்ததும் பவர் மெஷின் வாங்கிக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நேராக பவர் மெஷினுக்கே, அதாவது கம்பெனிகளில் ஓடும் மோட்டார் வைத்த பெரிய மெஷினுக்கே போங்கள். ஜூகி டிடிஎல் 8700 நல்ல தேர்வு, செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் பரவாயில்லை, ஆனால் சர்வோ மோட்டாரோடு வாங்குங்கள். கிளட்ச் மோட்டார் வேண்டவே வேண்டாம் (இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கீழே சொல்கிறேன்).

இந்த மெஷினுக்கு யூடியூபில் விமர்சனம் கொட்டிக் கிடக்கிறது. பெரும்பாலும் வருடக்கணக்கில் தைத்துப் பழகியவர்கள் போட்டது. எவ்வளவு வேகமாக ஓடும், ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் இறக்கலாம் என்பதுதான் அவர்கள் பேச்சு. புதிதாகக் கற்றுக்கொள்கிறவளுக்கு அது அப்புறம்தான். இது எவ்வளவு மெதுவாக ஓடும் என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது, அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பத்து வருடத்துக்கும் மேல் இருந்தவள். டாலி என்ற கணக்கு சாப்ட்வேர், பேங்க் ரீகன்சிலியேஷன், ஜிஎஸ்டி தாக்கலில் மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி 3பி, செப்டம்பர் வந்தால் டாக்ஸ் ஆடிட் என்று காலண்டரைப் பார்த்தே வாழ்க்கை ஓடியது. ஏன் விட்டேன் என்பது பெரிய கதையெல்லாம் இல்லை, முதுகும் கண்ணும் போனதுதான் மிச்சம், சம்பளம் அதே இடத்தில் நின்றது. தையலில் ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "பி.காம் படிச்சுட்டு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்பது. நல்ல கேள்விதான். பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை.

சரி, மெஷினுக்கு வருவோம். ஜூகி ஜப்பான் கம்பெனி. 1938இல் டோக்கியோவில் ஆரம்பித்தபோது அவர்களுக்கும் தையலுக்கும் சம்பந்தமே இல்லை, போர்க்காலத்தில் ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்துகொண்டிருந்தார்கள். போர் முடிந்த பிறகு அந்தப் பிழைப்பு போனதும் தையல் மெஷினுக்கு மாறினார்கள். தொழில் மாறியவர்கள் செய்த மெஷின் என்று நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் தெம்பாக இருந்தது.

டிடிஎல் 8700 என்பது சிங்கிள் நீடில் லாக் ஸ்டிச் மெஷின். ஒரு ஊசி, மேலே ஒரு நூல், கீழே பாபின் என்ற குட்டி உருளையில் சுற்றிய நூல், நேர்த்தையல், அவ்வளவுதான். திருப்பூரில் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் இதுவோ இதன் அண்ணன் தம்பிகளோ கண்ணில் படும். உச்ச வேகம் நிமிடத்துக்கு 5,500 தையல். கேட்டால் பெரிதாகத் தெரியாது, கணக்குப் போட்டுப் பாருங்கள் (பழைய பழக்கம், விடவில்லை). நொடிக்கு 90 தையலுக்கு மேல் வருகிறது. ஒரு தையலை இரண்டரை மில்லிமீட்டர் என்று வைத்தால் ஒரு நொடியில் 9 அங்குலம் துணி ஊசிக்கு அடியில் ஓடிவிடும். ஒரு ஜாக்கெட்டின் கைக்குழி சுற்றளவு சுமார் 16 அங்குலம் என்று வையுங்கள், முழு வேகத்தில் மிதித்தால் கையை ஏற்றி முடிக்க இரண்டு நொடி கூட ஆகாது. அந்த இரண்டு நொடியில் கைக்குழியின் வளைவைத் திருப்ப வேண்டும், கையில் இருக்கும் சுருக்கத்தைச் சமமாகப் பரப்ப வேண்டும், அடியில் லைனிங் மடிந்துவிடாமல் பார்க்க வேண்டும். புதிதாக உட்காருகிறவளுக்கு இது நடக்கிற காரியமா?

இங்கேதான் மோட்டார் வருகிறது. பழைய பவர் மெஷின்களில் மேஜைக்கு அடியில் கிளட்ச் மோட்டார் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் அது முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும், தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்த ரீங்காரம் நாள் முழுக்கக் காதில் கேட்கும். பெடலை மிதிப்பது என்பது ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரோடு மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துவிடுவது. காலை ஒரு நூல் கூடுதலாக அழுத்தினால் போதும், துணி பறந்துவிடும். பழகியவர்கள் கிளட்ச் மோட்டாரிலும் ஒவ்வொரு தையலாக எண்ணிப் போடுவார்கள், பார்த்திருக்கிறேன், ஆனால் அந்தக் கால் வர வருடங்கள் ஆகும்.

சர்வோ மோட்டார் அப்படி இல்லை. மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், சும்மா இருக்கும்போது சத்தமும் இல்லை, கரண்டும் அதிகம் இழுக்காது. அதைவிட முக்கியம், வேகத்துக்கு ஒரு எல்லை வைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 500 தையல் என்று பூட்டிவிட்டால், நீங்கள் பெடலை முழுசாக அழுத்தினாலும் நொடிக்கு ஒரு அங்குலத்துக்கும் குறைவாகத்தான் துணி நகரும். பயத்தில் கால் தன்னால் அழுத்தும், அது எல்லாருக்கும் நடக்கிறது. அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது என்ற நிலை வந்த பிறகுதான் கைக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. கை பழகப் பழக எல்லையை 800, 1,200, 2,000 என்று ஏற்றிக்கொண்டு போகலாம். நான் இப்போதும் 2,500க்கு மேல் போவதில்லை, பிளவுஸ் தைக்க அதற்கு மேல் தேவையும் இல்லை. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு உட்காருகிறவர்களுக்கு அது வேறு கணக்கு.

நான் முதலில் விசாரித்த கடையில், பெயர் வேண்டாம், சர்வோ பற்றிக் கேட்டதற்கு "அதெல்லாம் எதுக்குங்க்கா, கிளட்ச்தான் இழுவை இருக்கும், ஆயுசுக்கும் வரும்" என்று குடோனில் தேங்கியிருந்ததை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். இழுவை இருப்பது உண்மைதான். ஜீன்ஸும் பையும் தைக்கிறவர்களுக்கு அது தேவைப்படும். பிளவுஸும் சுடிதாரும் தைக்கப் போகிறவளுக்கு எதற்கு? வாங்க வருகிறவர் என்ன தைக்கப் போகிறார், எவ்வளவு பழக்கம் என்று ஒரு வார்த்தை கேட்காமல் விற்கிற கடையில் எதையும் வாங்காதீர்கள்.

அப்புறம் கால் பழகிய கதை. எங்கள் தெருப் பையன் ஒருவன் திருப்பூரில் டைலராக இருக்கிறான், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு சனிக்கிழமை சம்பளத்தோடு ஊருக்கு வருவான். வயது இருபத்திரண்டு. அவன்தான் எனக்கு வாத்தியார். ஆபீஸில் அவன் வயதுப் பிள்ளைகளுக்கு நான் வவுச்சர் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தவள், இங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் அவன் நூலே கோர்க்கவில்லை. "செருப்பைக் கழட்டுங்க்கா முதல்ல" என்றான். வெறுங்காலில்தான் பெடலின் அசைவு தெரியுமாம். பிறகு கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து ஊசிக்கு அடியில் வைத்து, கோட்டின் மேலேயே ஓட்டச் சொன்னான். தாளில் வரிசையாக ஓட்டை விழும், கோட்டில் விழுந்ததா, விலகியதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பொய் சொல்ல முடியாது.

என் ஓட்டைகள் கோட்டைச் சுற்றிச் சுற்றிப் போயின. அவன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னான். "ஊசியைப் பார்க்காதீங்க்கா. ஊசி அது பாட்டுக்கு ஏறி இறங்கும். புட்டோட ஓரத்தைப் பாருங்க, கோடு அந்த ஓரத்துல ஒட்டியே வருதான்னு பாருங்க." புட் என்றால் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம். செய்து பார்த்தேன், அடுத்த தாளிலேயே வித்தியாசம் தெரிந்தது. ஊசியைப் பார்த்தால் கண் அதன் வேகத்தில் மாட்டிக்கொள்கிறது, கை பதறுகிறது. நான் காசு கட்டிப் போன வகுப்பில் இதை ஒருவரும் சொல்லவில்லை.

நேர்கோடு வந்ததும் சதுரம், மூலையில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, முழங்காலால் புட்டைத் தூக்கித் திருப்ப வேண்டும். இந்த முழங்கால் லிப்டர் பவர் மெஷினில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு. மேஜைக்கு அடியில் ஒரு பேட் தொங்கும், வலது முழங்காலை வலப்பக்கம் தள்ளினால் புட் மேலே எழும். இரண்டு கையும் துணியில் இருக்க, கால் ஒரு வேலை, முழங்கால் ஒரு வேலை. முதலில் உடம்பு முழுக்கக் குழம்பும். நடு முதுகில் வியர்க்கும். பிறகு ஒரு நாள் யோசிக்காமலேயே முழங்கால் போய்த் தள்ளியிருக்கும். அதற்குப் பின் வீட்டு மெஷினில் உட்கார்ந்தால் முழங்கால் சும்மா காற்றைத் தள்ளும்.

வீட்டு மெஷினில் பழகிவிட்டு வரலாம் என்பவர்களுக்கு என் பதில் இதுதான். அந்தக் கருப்பு மிதி மெஷினைக் குறை சொல்லவில்லை, எத்தனை குடும்பத்துக்குச் சோறு போட்டது. ஆனால் அதில் கற்கும் பாதி விஷயத்தை இங்கே வந்து மறக்க வேண்டியிருக்கிறது. அதில் இரண்டு காலும் முன்னும் பின்னும் ஆட வேண்டும், கையால் சக்கரத்தைத் தள்ளிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். இதில் விரல் பக்கம் அழுத்தினால் ஓட்டம், குதிகால் பக்கம் அழுத்தினால் நிறுத்தம். அதில் ஊசியில் நூலை வலமிருந்து இடமாகக் கோர்ப்போம், இதில் இடமிருந்து வலம். அதன் ஊசிக்குத் தட்டைப் பக்கம் உண்டு, அதைப் பார்த்து மாட்டிவிடலாம். இதன் டிபி 1 ஊசியின் தண்டு முழு உருண்டை, நீளப் பள்ளம் இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், கொஞ்சம் திரும்பியிருந்தாலும் தையல் விட்டு விட்டு விழும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். முப்பத்தைந்து வயதில் ஒரு பழக்கத்தை உடம்பில் ஏற்றவே பாடாக இருக்கிறது, அதை இறக்கி இன்னொன்றை ஏற்ற யாருக்குத் தெம்பு?

அடுத்தது டென்ஷன். மெஷினுடைய டென்ஷனைச் சொல்கிறேன், நம்முடையது தனி. அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் எல்லாரும் உடனே பாபின் கேஸை எடுத்து அதன் குட்டி ஸ்க்ரூவைத் திருகுவார்கள். அடியில் வளையம் விழுந்தால் கோளாறு பெரும்பாலும் மேல் நூலில்தான் இருக்கும். டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் சரியாக உட்கார்ந்திருக்காது, அல்லது எங்காவது ஒரு கொக்கியில் கோர்க்க விட்டிருப்போம். மேலே பாபின் நூல் தலைகாட்டினால்தான் கீழே பார்க்க வேண்டும். பாபின் டென்ஷன் சரியா என்று பார்க்க எளிய வழி, நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். அது தானாகச் சறுக்கிக் கீழே போகக் கூடாது, கையை லேசாக ஒரு உதறு உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். ஆபீஸில் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் கடைசி என்ட்ரியிலிருந்து பின்னோக்கிப் போவேன். இங்கேயும் அதே பழக்கம்தான் கைகொடுத்தது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவேன், மாற்றியதைச் சிட்டையில் எழுதி வைப்பேன். எந்தத் துணிக்கு எந்த ஊசி, எந்த எண்ணில் டென்ஷன், தையல் நீளம் என்ன என்று ஒரு நோட்டே இருக்கிறது. பருத்திக்கு 14ஆம் நம்பர் ஊசி, பட்டுக்கு 11, சிஃபான் மாதிரி மெல்லியதற்கு 9. பழைய வேலையிலிருந்து எதுவும் உதவாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உதவாத இடமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். டாலியில் தப்பாகப் போட்ட வவுச்சரைத் திறந்து மாற்றிவிடலாம், இல்லையென்றால் ரிவர்ஸ் என்ட்ரி. துணியில் கத்தரி ஓடிவிட்டால் ஓடியதுதான். பட்டுப் புடவையோடு வரும் ஜாக்கெட் பிட் 80 சென்டிமீட்டரோ என்னவோதான் இருக்கும், அந்த நிறம் அந்த பார்டர் வேறெங்கும் கிடைக்காது. அதன் மேல் சாக்பீஸ் வைக்கும்போது இன்றைக்கும் எனக்கு மூச்சு கொஞ்சம் நிற்கிறது. இந்தப் பயத்துக்கு எந்த மெஷினும் மருந்து இல்லை. பேப்பரில் வெட்டி, பழைய வேட்டித் துணியில் தைத்துப் பார்த்து, அப்புறம் பட்டில் கை வைப்பதுதான் வழி. லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயப்போட வேண்டும் என்பதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சமாச்சாரம். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி, மேல் துணி பொம்மிக்கொண்டு நிற்கும், வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

வகுப்பு பற்றி ஒரு வார்த்தை. நான் போன தையல் வகுப்பு சில மாதம், கட்டணம் கையைக் கடிக்கவில்லை. டிராஃப்டிங் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள், மார்பளவில் கால் பங்கு, தோள், கைக்குழி இறக்கம், டாட் (உடம்பு வளைவுக்குப் பிடிக்கும் மடிப்பு) எல்லாம் சார்ட் பேப்பரில் போட்டுப் போட்டு மனப்பாடம் ஆனது. எண்ணோடு பழகியவளுக்கு அது லட்டு. பிரச்சினை என்னவென்றால் ஒரு கூடம் நிறைய ஆள், பவர் மெஷின் ஒன்றே ஒன்று. முறை வந்து உட்கார்ந்து கை நடுங்குவதற்குள் அடுத்தவர் நிற்பார். நாம் தடுமாறினால் டீச்சர் பீஸை வாங்கி அவரே தைத்துக் கொடுத்துவிடுவார், பீஸ் அழகாக வரும், நமக்கு ஒன்றும் வராது. வகுப்பில் சேரும் முன் கேட்க வேண்டியது சிலபஸ் என்ன என்று இல்லை, ஒரு ஆளுக்கு ஒரு நாளில் மெஷினில் எவ்வளவு நேரம் என்றுதான். சான்றிதழ் வேண்டும் என்றால் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் இருக்கிறது, ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்கள் எழுதட்டும். கடை போட அது தேவையில்லை, ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லை.

காசு கட்ட முடியாதவர்கள் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தைப் பாருங்கள், ஆர்செட்டி என்பார்கள். மாவட்டந்தோறும் ஒரு வங்கி நடத்துகிறது, ஈரோட்டில் கனரா வங்கி. 1982இல் கர்நாடகாவில் தர்மஸ்தலா பக்கம் உஜிரேயில் ஆரம்பித்த முன்மாதிரி இது, பிறகு நாடு முழுக்கப் பரவியது. பயிற்சி, சாப்பாடு எல்லாம் இலவசம், கிராமப்புறத்தவர்களுக்குத்தான் முன்னுரிமை. தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரத் திட்டமும் உண்டு, வருமான வரம்பு இருக்கிறது, தகுதி உள்ளவர்கள் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம்.

மெஷினின் எரிச்சல்களையும் சொல்லிவிடுகிறேன். இது நேர்த்தையல் மட்டும்தான் போடும். காஜா போடாது, ஜிக்ஜாக் வராது, ஓரம் அடிக்காது. விளம்பரத்தில் பூ டிசைன், இலை டிசைன் போடும் வீட்டு மெஷின்களைப் பார்த்துவிட்டு வந்தால் ஏமாற்றமாக இருக்கும். அந்த டிசைன்கள் எனக்கு இதுவரை ஒன்றுக்கும் தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம். அப்புறம் கனம். தலை மட்டுமே 25 கிலோவுக்கு மேல், மேஜையோடு சேர்த்தால் இரண்டு ஆள் வேண்டும், மேஜை 4 அடி நீளம். மாடி வீட்டுக்காரர்கள் படிக்கட்டின் திருப்பத்தை அளந்துவிட்டு வாங்குங்கள், எங்கள் வீட்டில் மேஜையின் காலைக் கழற்றித்தான் ஏற்றினார்கள்.

எண்ணெய் இன்னொரு தலைவலி. கருப்பு மெஷின் மாதிரி சொட்டு சொட்டாக விடுவது இல்லை, அடியில் ஒரு தட்டில் எண்ணெய் நிற்கும், மெஷின் ஓடும்போது தானே இழுத்து எல்லா இடத்துக்கும் அனுப்பும். மேலே சின்னக் கண்ணாடியில் எண்ணெய் தெறிப்பது தெரியும், தெரியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். அளவுக்கோட்டுக்குக் கீழே போகவும் விடக்கூடாது. காலையில் முதல் வேலையாக ஒரு கழிவுத் துணியில் நாலு வரி ஓட்டிவிட்டு அப்புறம்தான் நல்ல துணி, இல்லையென்றால் இரவில் இறங்கி நின்ற எண்ணெய் யாரோ ஒருவரின் சந்தன நிறப் பட்டில் பொட்டு வைக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் கையேட்டைப் படியுங்கள், முதல் மாதம் வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லியிருக்கும். அதற்கும் பழக ஒரு மாதம் கொடுக்கிறார்கள், நமக்கு ஒருவரும் கொடுப்பதில்லை.

உட்காரும் உயரம் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த முதுகு, இங்கே ஸ்டூலில் முன்னால் குனிந்து உட்காருகிறது. மேஜையின் கால்களில் உயரம் மாற்ற வழி உண்டு, முழங்கை மேஜை மட்டத்துக்கு வருகிற மாதிரி ஏற்றிக்கொள்ளுங்கள். ஊசிப் பக்கம் ஒரு குட்டி எல்இடி விளக்கு, காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், சில நூறு ரூபாய்தான். கருப்புத் துணியில் கருப்பு நூல் போட்டுத் தைக்கும்போது அதன் அருமை தெரியும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதற்குத் திருப்பூர்தான் சரி. கம்பெனிகள் புது மெஷின் மாற்றும்போது பழையது மொத்தமாக வெளியே வரும். நல்லதும் வரும், இரண்டு ஷிப்ட் ஓடி நொந்ததும் வரும், பெயிண்ட் அடித்துப் பெயர் ஒட்டியதும் வரும். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். யாரும் இல்லையென்றால், கரண்ட் போடும் முன் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், எங்காவது பிடித்தாலோ கரகரவென்றாலோ வேண்டாம். ஊசித்தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. கையில் இரண்டு துணி கொண்டு போங்கள், ஒன்று வாயில் என்கிற மெல்லிய துணி, இன்னொன்று பழைய ஜீன்ஸ் நாலு மடிப்பு. வாயிலில் சுருக்காமல் தைக்க வேண்டும், ஜீன்ஸில் தையல் விடாமல் போக வேண்டும். ரிவர்ஸ் லீவரை அழுத்திப் பின்னால் போகும்போது முன்னால் போட்ட ஓட்டையிலேயே ஊசி விழுகிறதா என்று பாருங்கள். நான் கொடுத்த விலை சர்வோவோடு 20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. ஜாக் மாதிரி சீனக் கம்பெனிகளின் மெஷின்களில் மோட்டார் தலையிலேயே சேர்ந்து வருகிறது, பெல்ட் கிடையாது, அதுவும் நன்றாகத்தான் ஓடுகிறது, புதிதாக வாங்குகிறவர்கள் அதையும் ஓட்டிப் பாருங்கள். நான் ஜூகியில் நின்றதற்குக் காரணம், எங்கள் ஊரில் எந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் இதன் உதிரிபாகம் அவர் பைக்குள்ளேயே இருக்கிறது.

வருமானம் பற்றிக் கேட்பீர்கள். முதல் சில மாதம் சம்பளத்தை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். ஃபால்ஸ் தைப்பது, பழைய ஜாக்கெட்டைப் பிரித்துப் பெரிதாக்குவது, பேண்ட் நீளம் குறைப்பது, இவைதான் வரும், வரட்டும். பிரித்துத் தைக்கும் வேலையில்தான் மற்ற டைலர்கள் உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்கக் கிடைக்கிறது. யார் உள்தையலுக்குத் தாராளமாகத் துணி விட்டிருக்கிறார், யார் ஹூக் பட்டியில் கேன்வாஸ் வைத்திருக்கிறார் என்று பார்த்துப் பார்த்துக் கற்றது அதிகம். அளவு ஜாக்கெட் கொடுப்பவர்களிடம் "இது இப்போ போட்டா சரியா இருக்குதுங்களா?" என்று கட்டாயம் கேளுங்கள். ரெண்டு வருடம் முந்தைய உடம்புக்குத் தைத்ததைக் கொடுத்துவிட்டு இதே அளவு என்பார்கள். இந்தத் தொழிலுக்கும் ஒரு காலண்டர் இருக்கிறது, ஆடியும் மார்கழியும் ஈயோட்டும், ஆவணி முகூர்த்தமும் தீபாவளியும் தையும் மூச்சுவிட விடாது. மார்ச் மாதம் ஆபீஸில் குப்பை கொட்டியவர்களுக்கு அது புதிதாக இருக்காது, ஆனால் மந்தமான மாதங்களுக்குக் கையில் காசு வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

யார் இதை வாங்க வேண்டாம்? வீட்டுத் துணியைக் கிழிசல் தைக்க, வருடத்துக்கு நாலு தலையணை உறை போட என்றால் இது வேண்டாம், இடமும் காசும் தண்டம். வாடகை வீடு அடிக்கடி மாறுகிறவர்கள் யோசியுங்கள். மற்றபடி தொழிலுக்கென்றால் ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுப்பேன். அரை மதிப்பெண் குறைப்பது அந்த எண்ணெய்க்காக.

அடுத்து துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்க வேண்டும். இப்போதைக்கு ஓரம் அடிக்கப் பக்கத்துத் தெருக் கடைக்குக் கொடுத்து வாங்குகிறேன், முகூர்த்த நாட்களில் அவர்கள் பீஸை இரண்டு நாள் வைத்துக்கொள்கிறார்கள், என் நாள் தள்ளிப்போகிறது. மூன்று நூல் போதுமா, ஐந்து நூல் வேண்டுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், பிளவுஸுக்கு மூன்று போதும் என்றுதான் தோன்றுகிறது. வீட்டில் வைத்து ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் சத்தம் எப்படி என்று மட்டும் சொல்லுங்கள்.